சுக்கான் சோறு

சோற்றில் விரல் வைத்தவர், வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அப்பா முதல் பூசைக்கே போய்வந்து, கோவை உக்கடத்தில் பாறை மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தார். புளியும் தேங்காயும் கொதித்து அடங்கிய வாசம் வீட்டை விட்டுப் போக மனமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. மேசைக்கு முன்னால் செலஸ்டின் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். தூத்துக்குடியிலிருந்து காலை ரயிலில் வந்தவர். மடியில் ஒரு பச்சை ஃபைல். வந்ததிலிருந்து அதை அவர் கீழே வைக்கவில்லை.

யார் முகத்தையும் பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்து, செபம் சொல்கிற குரலில் அவர் கேட்டார்.

"பண்டாரி சாப்பிட்டாச்சா?"

அடுப்படியில் நின்ற அப்பாவின் கரண்டி குழம்புக்குள் அப்படியே நின்றுவிட்டது.

கூடத்தில் தையல் மெஷின் முன்னால் இருந்த அம்மா வாசலை எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, இன்னொருத்தரும் வாராங்களா? சொல்லவே இல்லீங்களே. ஒரு தட்டு கழுவி வெக்கட்டுங்களா?"

செலஸ்டினுக்கு வெட்கமாகிவிட்டது. "ஆரும் வரல மதினி. எங்க வீட்டுப் பழக்கம். சாப்பிட உக்காந்தா வாய் தானா கேட்டுரும்."

அப்பா திரும்பவில்லை. அந்த முதுகை ஐம்பது வருடமாகப் பார்த்து வளர்ந்தவள் நான். பம்பு மோட்டாரைத் தூக்கும்போதும் நேராக நின்ற முதுகு அது. அன்று அது குனிந்தது.

பண்டாரி என்றால் பாய்மரத் தோணியில் சமையல் செய்கிறவர். அந்த அளவுக்கு எனக்குத் தெரியும். அந்த வார்த்தையைக் கேட்டு என் அப்பாவின் முதுகு ஏன் குனிய வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

ஒரு தோணிக்கு இரண்டு தண்டல்

செலஸ்டின் விருந்துக்கு வந்தவர் இல்லை. விசாரணைக்கு வந்தவர்.

தூத்துக்குடியில் எங்கள் பழைய பங்குக் கோயில் வளாகத்தில் ஒரு கல் வைக்கிறார்கள். பாய் விரித்துக் கொழும்புக்கும் கொச்சிக்கும் மாலத்தீவுக்கும் போய்வந்த தோணிகளின் பெயர்கள் அதில் வரும். ஒவ்வொரு தோணிக்கும் நேராக இரண்டு கட்டம். ஒன்றில் தோணி முதலாளி பெயர். இன்னொன்றில் தண்டல் பெயர்.

தண்டல் என்றால் தோணியைச் செலுத்துகிற தலைவர். பாய் ஏற்றுவதும் இறக்குவதும் அவர் சொல். தோணியைத் திருப்பும் சுக்கான் அவர் கையில். கோவையில் இந்த வார்த்தையைச் சொன்னால், தினமும் சைக்கிளில் வந்து வட்டி வாங்கிப் போகிறவர் என்றுதான் நினைப்பார்கள். பள்ளிக்கூடத்தில் "எங்க தாத்தா தண்டல்" என்று நான் நெஞ்சை நிமிர்த்தியபோது, பக்கத்தில் இருந்தவள் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

கல் வேலைக்கான வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள். பார்த்த உடனே எழுதிப் போட்டேன். தோணி: அடைக்கல மாதா. தண்டல்: மிக்கேல். பக்கத்தில் ஒரு நங்கூரப் படம் வேறு. நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்ட தாத்தாவுக்குக் கடைசியில் ஒரு கரை கிடைத்தது என்று அன்று முழுக்க மிதந்துகொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் செலஸ்டின் கூப்பிட்டார். கமிட்டியில் பெயர்களைச் சரிபார்ப்பது அவர்தான்.

"யம்மா, அடைக்கல மாதாவுக்குத் தண்டல் எங்க பாட்டையா. லூர்து தண்டல். ஊருக்கே தெரியும்."

"எங்க தாத்தாதாங்க. எங்கப்பா சொல்லிக் கேட்டுத்தான் வளந்திருக்கேன்."

"ஒரு தோணிக்கு ரெண்டு தண்டல் கெடையாது பாத்துக்கிடுங்க. ஆரோ ஒருத்தர் பொய் சொல்லுதாவ. கல்லு வெட்டப் போற நேரம். நான் நேர்லயே வாறேன்."

அப்பாவிடம் சொன்னேன். எழுபத்தெட்டு வயது. பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அடுத்த பக்கம் திருப்பவில்லை. "வரட்டும் கண்ணு. மீன் வாங்கி வெக்கிறேன்" என்றார்.

தண்டல் மகனின் நிதானம் என்று அதற்கும் பெருமைப்பட்டேன்.

ஆடாத தரை

சங்கு ஊதுகிற மில் நேரங்களைப் பற்றி இந்தப் பத்தியில் சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, துடியலூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "உப்புக் காற்றே படாத இந்த ஊருக்குக் கடல்காரர்கள் எதற்கு வந்தீர்கள்?"

காற்றைத் துரத்திக்கொண்டு வந்தோம் அம்மா.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஒரு காற்று புகுந்து வருமே, துணி காயப்போட்டால் கம்பியோடு பிடுங்கிக்கொண்டு போகுமே, அதன் பெயர் அப்பாவின் கரையில் கச்சான். அங்கே அது காய்ந்த மணலை அள்ளிக்கொண்டு கடலுக்குள் இறங்கும். பத்தொன்பது வயதில் கோவை ஸ்டேஷனில் இறங்கிய அப்பாவின் முகத்தில் அந்தக் காற்று அறைந்ததாம். "அட, நீ இங்கிருந்துதான் வாறியா" என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்ததாகச் சொல்வார்.

பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்பு செய்யும் ஒரு பட்டறையில் ஃபிட்டர் வேலை. மேட்டுப்பாளையம் ரோட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு லைன் வீடு. கடலைப் பார்க்காமல் நிலத்தடித் தண்ணீரை மேலே இழுக்கிற இயந்திரங்களோடு நாற்பது வருடம். எந்தத் தோட்டத்திலாவது எங்கள் பட்டறை மோட்டார் ஓடி, தொட்டியில் தண்ணீர் விழுவதைப் பார்த்தால் பஸ்ஸிலேயே எழுந்து நின்றுவிடுவார். தண்ணீர்க்காரனுக்குத் தண்ணீர் எங்கே இருந்தாலும் சொந்தம்.

ஆனால் வீட்டுக்குள் அவர் இன்னும் தோணியில்தான் இருந்தார்.

அப்பா சமைத்தால் சட்டியை நிரப்ப மாட்டார். பாதிதான். எத்தனை பேர் வந்தாலும் பாதிச் சட்டி வைப்பார். தீர்ந்தால் இன்னொரு பாதிச் சட்டி. கேஸ் அடுப்பின்மேல் சட்டி அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் உடைந்த ஆட்டுக்கல் துண்டுகளை அண்டக்கொடுப்பார். சட்டியின் கழுத்தில் ஈரத்துணி சுற்றி, ஜன்னல் கம்பியோடு கட்டுவார். மேட்டுப்பாளையம் ரோடு லாரியில் அதிரும், அவ்வளவுதான். அதற்குக் கொழும்புக் கடலின் கட்டு.

அடுத்த வீட்டு சரோஜா அக்கா வாசலில் நின்று அம்மாவைக் கேட்பார். "ஏனுங்க்கா, உங்க ஊட்ல சட்டியப் பாதியோட நிறுத்திப்போடுவீங்களாமா? மீனு வெல அவ்வளவு ஏறிப்போச்சுங்களா?"

அம்மா உள்ளே வந்து அப்பாவிடம் ஆடித் தீர்ப்பாள். "மானம் போகுதுங்க. ஊரே நம்மளக் கஞ்சப் பிசினாறிங்குது. இந்தத் தரை ஆடாதுங்க. காலு ரெண்டையும் அழுத்தி வெச்சுப் பாருங்க, ஆடுதா?"

"எப்ப ஆடும்னு தெரியாதே" என்பார் அப்பா.

ஒரே ஒரு முறை அம்மா தோற்றாள். சரோஜா அக்கா குடும்பத்தோடு ஒரு ஆடியில் கொடுமுடி போயிருந்தோம். அவர்கள் கோயிலுக்குள் போனார்கள். நாங்கள் ஆற்றைப் பார்க்கப் போனோம். காவேரி மண் நிறத்தில் நிறைந்து போய்க்கொண்டிருந்தது. பரிசலில் ஏறியபோது அம்மா மடியில் தூக்குப் போசி. அதில் விளிம்பு வரை ரசம். நான்காவது சுற்றில் பரிசல் ஒரு பக்கம் சாய, ரசம் முழுக்க அம்மாவின் புதுச் சேலையில். பரிசல்காரர் துடுப்பைப் போட்டுவிட்டுச் சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. மிகவும் மரியாதையாக, "பாதி இருந்தா நின்னிருக்கும்ங்க" என்றார்.

பெண் கொடுத்த காரணம்

அம்மா இந்த மண்ணின் பிள்ளை. மிஷன் பள்ளிக்கூடம் இருந்த ஒரு ஊரில் அவள் அப்பா, என் அப்புச்சி, சின்ன வெங்காயம் போட்டார். சில தலைமுறைகளுக்கு முன் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த குடும்பம். கடலைக் காலண்டரில் மட்டும் பார்த்தவர்கள். அப்பாவுக்கோ காடு இல்லை, தோட்டம் இல்லை, இந்தப் பக்கம் ஒரு சொந்தக்காரர்கூட இல்லை. அப்படி ஒரு பட்டறைப் பையனுக்குப் பெண் கேட்டுப் பங்குச் சாமியார் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனபோது, அப்புச்சி ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்.

"தம்பி, உங்கய்யன் என்ன பண்ணீட்டு இருந்தாருங்க?"

"தோணியில தண்டல்ங்க."

தண்டல் யார் என்று அப்பா விளக்கியதும் அப்புச்சியின் கண் விரிந்ததாம். அந்த வாரமே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். "நம்ம மேரிக்குப் பாத்திருக்கிறது கப்பலோட்டுன ஊடு." அவர் காட்டு வெங்காயம்கூட லாரி ஏறித் துறைமுகம் போய்த் தோணியில்தான் கொழும்புக்குப் போயிருக்கும். அதை ஏற்றிப்போன கை வீட்டுக்குள் வருகிறது என்று அவருக்கு ஒரு கிறுகிறுப்பு.

அந்த ஒரு வார்த்தையின் மேல்தான் கல்யாணம் நடந்தது. அந்த வார்த்தையின் மேல்தான் நானும் என் தம்பியும் பிறந்தோம். கல்லில் வரவேண்டியதும் அதே வார்த்தை. செலஸ்டினின் ஃபைல் எனக்கு ஏன் அவ்வளவு கனமாகத் தெரிந்தது என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

ஒரு ஆயுத பூஜை

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது எனக்கே இப்போதுதான் புரிந்தது.

ஒரு வருடம் ஆயுத பூஜை அன்று பட்டறைச் சமையல்காரருக்குக் காய்ச்சல். நூறு பேருக்கு இலை வாங்கியாகிவிட்டது. அரிசி, காய், பருப்பு எல்லாம் வந்து இறங்கிவிட்டது. சமைக்க ஆளில்லை. மேஸ்திரி ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "ஆருக்காச்சும் கரண்டி புடிக்கத் தெரியுமாப்பா?" என்று கேட்டார். அப்பாவுக்குத் தெரியும். நூறு பேர் என்ன, பாதிச் சட்டிக் கணக்கில் இருநூறு பேருக்கும் ஆக்குவார். வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் பன்னும் வாழைப்பழமும் தின்றுவிட்டுப் பொரி உருண்டையோடு வீட்டுக்குப் போனார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்பைப் பற்றவைத்தார். எங்கள் நான்கு பேருக்கு, ஒன்றன்பின் ஒன்றாக நான்கு பாதிச் சட்டிகள். சாம்பார், கூட்டு, ரசம், பாயசம். கோபமாகச் சமைத்த பாயசத்தை நான் அன்றுதான் சாப்பிட்டேன். பட்டறையில் என்ன நடந்தது என்று பல வருடம் கழித்து அம்மா சொன்னபோதும், கூச்சம் என்றே நினைத்துக்கொண்டேன்.

தட்டு நம்மைத் தேடி வரும்

எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு யாரையும் கூப்பிடுவதில்லை. சமைத்து முடித்ததும் முதல் தட்டு, கை வேலையை விட முடியாதவரைத் தேடிப் போகும். நான் பரீட்சைக்குப் படித்தால் எனக்கு. தம்பி சைக்கிள் டியூப் ஒட்டினால் அவனுக்கு. பெரும்பாலும் தையல் மெஷினில் இருக்கும் அம்மாவுக்கு. அப்பாவே கொண்டுவந்து, பக்கத்தில் வைத்து, ஒரு விள்ளல் சோற்றை உருட்டிக் கையிலும் கொடுத்துவிட்டுப் போவார்.

அதன் பெயர் சுக்கான் சோறு. சுக்கான் பிடிப்பவர் அதை விட்டு எழ முடியாது. சோறுதான் அவரிடம் போக வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். எல்லாரும் சாப்பிட்டு முடித்தபின், அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே, அப்பா கடைசியாகச் சாப்பிடுவார். நின்றுதான். ஒருநாளும் எங்களோடு உட்கார்ந்ததில்லை.

இவ்வளவையும் பார்த்துக்கொண்டு, தண்டல் வீடு, தண்டல் வீடு என்று நான் வளர்ந்திருக்கிறேன். கடல்காரர் பிள்ளைக்குத்தான் இப்படிக் கண்ணெதிரே இருப்பது தெரியாமல் போகும். நாங்கள் தூரத்தையே பார்த்துப் பழகியவர்கள்.

பச்சை ஃபைல்

சரி, மேசைக்கு வருகிறேன். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

செலஸ்டின் எழுந்தார். ஃபைலோடு அடுப்படிக்குப் போனார். ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த ஈரத்துணியைத் தொட்டுப் பார்த்தார்.

"அண்ணாச்சி, சட்டிய ஏன் கட்டி வச்சிருக்கிய?"

"பழக்கம்."

"பாதிதான் இருக்கு."

"மீதி அப்புறம் வைப்பேன்."

அப்பாவின் நாக்கில் இருந்த கோவை மெல்ல இறங்கிப் போவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். 'ங்க' ஒவ்வொன்றாக உதிர்ந்தது.

"நான் வந்ததும் மதினிக்கு ஒரு தட்டு கொண்டு போய்க் குடுத்தியள்ளா, மெஷின் பக்கத்துல? அப்பவே பாத்தேன்" என்றார் செலஸ்டின். "எங்க வீட்டு ஆம்பளையள்ல ஒருத்தனுக்கும் அடுப்பு பத்த வைக்கத் தெரியாது. தண்டல் வீட்டுக்குச் சோறு வரும், அண்ணாச்சி. கொண்டு போய்க் குடுக்கத் தெரியாது."

அப்பா அடுப்பை அணைத்தார். கரண்டியைக் கழுவினார். அதைக் கம்பியில் மாட்டியபின்தான் திரும்பினார்.

"தெரிஞ்சு போச்சுல்ல, எழுதிக்கிடுங்க. எங்கப்பா தண்டல் இல்ல. பண்டாரி. அடைக்கல மாதாவுல அடுப்பு பாத்தவரு. சட்டி கழுவி மவன்னு சொல்லித்தான் எல்லாரும் என்னையக் கேலி பண்ணுனானுவ. அந்தப் பேரு கேக்காத ஊரு எதுன்னு தேடித்தான் ரயில் ஏறுனேன்."

எனக்குள் ஒரு பாய்மரம் முறிந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. நங்கூரப் படம், கப்பலோட்டிய வீடு, எல்லாம் ஒரு நொடியில் தண்ணீருக்குள் போயின.

அப்பா கூடத்துக்கு வந்து அம்மாவின் முன்னால் நின்றார். "மேரி, உங்கய்யன்கிட்டப் பொய் சொல்லித்தான் உன்னியக் கட்டுனேன்."

அம்மா மெஷினை நிறுத்தவில்லை. தைத்த ஓரம் முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்தாள்.

"தெரியுமுங்க."

"என்ன தெரியும்?"

"கண்ணாலமாகி மூணாம் நாளே என்ற கையில இருந்து கரண்டியப் புடுங்கி ரசத்துக்குத் தாளிச்சீங்க. கப்பலோட்டறவரு பையன் இப்படித் தாளிப்பானுங்களா? எங்கய்யன் வந்தாரே ஒருக்கா விருந்துக்கு, நீங்க மீனு ஆக்குனீங்களே. போறப்ப வாசல்ல நின்னு சொல்லிப்போட்டுப் போனாரு. 'அம்மணி, மாப்ள சொன்ன கப்பலப் பத்தி எனக்கொரு சந்தேகம் இருக்குது. கொழம்பப் பத்தி ஒரு சந்தேகமும் இல்ல. கப்பல வெச்சுட்டு நம்ம என்ன பண்றது?'ன்னு."

"அம்பது வருசமா ஏன் சொல்லல?"

"நெஞ்ச அவ்வளவு நிமித்திச் சொல்றீங்க. அதக் கெடுப்பானேனுங்க?"

அப்பா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். உட்காரவில்லை.

கையில் வைத்திருந்த நெருப்பு

செலஸ்டின் ஃபைலைத் திறக்கவில்லை. அதை முதல்முறையாக மேசைமேல் வைத்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். உங்க அப்பாவுக்கு இடது உள்ளங்கையில தீக்காயம் உண்டா?"

"உண்டு. ரூபா அகலத்துக்கு. சின்னதுல விளையாடும்போது சுட்டுக்கிட்டதா சொல்லுவாரு."

"விளையாட்டா?" செலஸ்டின் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதா?"

கொழும்பிலிருந்து திரும்புகிற வழியில் வாடைக் காற்றில் தோணியின் பாய்மரம் முறிந்துவிட்டது. ஒன்பது பேர். எத்தனை நாள் அலைந்தார்கள் என்பது செலஸ்டின் வீட்டில் சொல்பவருக்குச் சொல்பவர் மாறும். மாறாதது மற்றது. மழை ஓயவில்லை. மணல் பெட்டிக்குள் இருந்த அடுப்பு நனைந்துபோனது. தீப்பெட்டி நமுத்துப் போனது. நெருப்பு அணைந்தால் பிறகு கஞ்சி கிடையாது. பண்டாரி தணலைத் தேங்காய்ச் சிரட்டையில் வாரிக் கையில் ஏந்திக்கொண்டு, மேலே சாக்கைப் போர்த்திக்கொண்டு, குனிந்தே உட்கார்ந்திருந்தார். சிரட்டை தீய்ந்தால் அடுத்த சிரட்டை. கை மட்டும் மாறவில்லை. வலது கை கஞ்சி ஊற்ற வேண்டும்.

"ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு சிரட்டை கஞ்சி. எங்க பாட்டையாவுக்குச் சுக்கான்ல இருந்து எந்திரிக்க முடியல. உப்புத் தண்ணி அடிச்சுக் கண்ணு பூத்துப் போச்சு. ஒண்ணும் தெரியாது. கஞ்சி வரும், குடிப்பாவ. காலையில ஒண்ணு, பொழுது சாய ஒண்ணு. எல்லாருக்கும் ரெண்டுன்னு நெனச்சிருக்காவ."

"ரெண்டாவது?" என்றேன்.

"கரை தெரிஞ்சதும் எல்லாரும் சத்தம் போட்டுருக்கானுவ. பண்டாரி மட்டும் எந்திரிக்கல. தூக்கிப் பாத்தா வயிறு முதுகோட ஒட்டிக் கெடக்கு. நீ எப்பம்டே சாப்பிட்டன்னு கேட்டா, 'நான் கடேசில'ன்னாராம். அத்தனை நாளும் அதையேதான் சொல்லியிருக்காரு. ஒருத்தனும் பாக்கல."

மேட்டுப்பாளையம் போகிற ரயில் கூவிக்கொண்டு போனது.

"கரை ஏறி வீட்டுக்கு வந்த எங்க பாட்டையா, தட்டு முன்னால உக்காந்து, கை வைக்க மாட்டேன்னுட்டாவ. 'பண்டாரி சாப்பிட்டாச்சா'ன்னு கேட்டு, ஆள் அனுப்பி, சாப்பிட்டாருன்னு பதில் வந்தபொறவுதான் வாயில வச்சாவ. அன்னையில இருந்து எங்க வீட்டுல மூணு நேரமும் கேள்வி உண்டு. பரிமாறுறவங்க 'சாப்பிட்டாச்சு'ன்னு பதில் சொல்லணும். நான் சின்னப் புள்ளையில பண்டாரின்னா ஏதோ ஒரு புனிதர்னு நெனச்சேன். கோயில்ல அவரு சுரூபம் எங்க இருக்குன்னு சாமியாரக் கேட்டு அடி வாங்கியிருக்கேன்."

அம்மா சேலை முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"உங்கப்பா கடலு வேண்டாம்னு உப்பளத்துப் பக்கம் போயிட்டாரு. பொறவு எங்கன்னு தெரியல. நாங்க தேடாத எடமில்ல அண்ணாச்சி. கோயமுத்தூர்ல இருப்பியன்னு ஆரு கண்டா?"

அப்பாவின் கை நாற்காலியை இன்னும் விடவில்லை. "அந்தப் பயணத்தைப் பத்திக் கேட்டா, எங்கப்பா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவாரு" என்றார். "'எல்லாரும் கரைக்கு வந்துட்டோம்.' அதுக்கு மேல ஒரு வார்த்த சொன்னதில்ல."

எழுபத்தெட்டு வயதில் ஒரு மகன் தன் அப்பாவை முதல்முறையாகச் சந்தித்தார். நான் பக்கத்தில் இருந்தேன். தண்டல் பேத்தியாக இருந்திருந்தால் இந்தக் காட்சி எனக்குக் கிடைத்திருக்காது.

மூன்றாவது கட்டம்

செலஸ்டின் ஃபைலைத் திறந்து கல்லின் மாதிரித் தாளை எடுத்தார். அடைக்கல மாதா என்ற வரி. முதலாளிக்கு ஒரு கட்டம். தண்டலுக்கு ஒரு கட்டம். தண்டல் கட்டத்தில் இரண்டு பெயர்கள், இரண்டுக்கும் பக்கத்தில் சிவப்புக் கேள்விக்குறி. அப்பா பேனாவை வாங்கி, தன் அப்பாவின் பெயரைத் தானே அடித்தார்.

"பண்டாரிக்குக் கட்டம் கெடையாதே" என்றார் அப்பா.

"போட்டுருவோம்." செலஸ்டின் ஸ்கேல் கேட்டார். அம்மா தையல் மெஷின் மேலிருந்து மர ஸ்கேலை நீட்டினாள். "கமிட்டியில சண்டைக்கு வருவானுவ. ஒரு தோணிக்குப் போட்டா எல்லாத் தோணிக்கும் போடணும், கல்லு பெருசாவும்பானுவ."

"பெருசாகட்டுமுங்க" என்றாள் அம்மா. "எழுத்தும் பெருசாவே வெட்டச் சொல்லுங்க. எங்கூட்டு ஆளுக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்ல."

"பாட்டையா பேருக்குக் கீழ போடவா?"

அப்பா தலையசைத்தார். "கீழ வேண்டாம். தோணியில அடுப்பு கீழ இருக்காது. சுக்கானுக்குப் பக்கத்துல இருக்கும்."

செலஸ்டின் பக்கத்தில் கோடு இழுத்தார். மிக்கேல், பண்டாரி. நானே எழுதினேன். என் கையெழுத்து அவ்வளவு நிதானமாக ஒருபோதும் வந்ததில்லை.

பிறகு செலஸ்டின் மறுபடி மேசைக்குப் போய் உட்கார்ந்தார். சோறு முழுக்க ஆறியிருந்தது. நான் தட்டை மாற்றப் போனேன். வேண்டாம் என்று கையை மறித்துவிட்டு, சுவரைப் பார்க்காமல், அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"பண்டாரி சாப்பிட்டாச்சா?"

அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "இன்னும் இல்ல" என்றார்.

அம்மா மெஷினிலிருந்து எழுந்தாள். அப்பாவின் தோளை அழுத்தி நாற்காலியில் உட்காரவைத்தாள். ஒரு தட்டில் சோறு போட்டு அவர் முன்னால் வைத்தாள். ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, பாதிச் சட்டியை அப்படியே தூக்கிவந்து அவர் தட்டில் ஊற்றினாள். குழம்பு தட்டின் விளிம்பு வரை வந்து நின்றது.

"சிந்திரும்" என்றார் அப்பா.

"சிந்தாதுங்க. நான் புடிச்சுக்கிறேன், சாப்பிடுங்க."

அவள் தட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் கண் முன்னால், நாற்காலியில் உட்கார்ந்து, அப்பா முதல் வாய்ச் சோற்றை எடுத்தார். மென்றார். விழுங்கினார்.

செலஸ்டின் அதுவரை காத்திருந்தார். பிறகு அவர் வீட்டில் பரிமாறுகிறவர்கள் சொல்கிற பதிலை அவரே சொன்னார், கொஞ்சம் உரக்க, தூத்துக்குடி வரை கேட்க வேண்டும் என்பதுபோல.

"சாப்பிட்டாச்சு."

அதன்பிறகுதான் நாங்கள் சோற்றில் கை வைத்தோம்.